அட்டையில் அவர் பெயர்

அன்று அமெரிக்காவில், எடிசன் ஊரில் எங்கள் அபார்ட்மெண்டில் இருந்தவர்கள்: சோபாவில் என் வீட்டுக்காரர். எதிரே தமிழ்ச் சங்கத் தலைவர். பக்கத்தில் அவர் மனைவி. தரையில் என் மகள், ஏழாம் வகுப்பு. அடுப்படியில் நான்.

என் வீட்டுக்காரர் பெயரில் சங்க மலரில் வந்த கதைகளைப் புத்தகமாகப் போடப் பேச வந்திருந்தார்கள். கதைகள் என்னுடையவை. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் கதைகள். எட்டாம் வகுப்போடு நின்று நானும் அங்கே குச்சி அடுக்கினேன். வீட்டுக்காரர் என் அத்தை மகன்தான், ஆனால் மெட்ராஸில் வளர்ந்தவர். தீப்பெட்டி ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை.

முதல் கதை எழுதியபோது அவர் பயந்தார். "நீ டிபெண்டென்ட் விசால இருக்கே. வேலை பாக்கக் கூடாது. உன் பேரு அச்சுல வந்தா வேலைன்னு எடுத்துப்பான். கிரீன் கார்டு காலி."

மலர் ஒரு சென்ட் கொடுக்கவில்லை. இருந்தும் நானும் பயந்தேன். அவர் பெயரைப் போட்டோம். கிரீன் கார்டு வந்த பிறகும் அவர் பெயர்தான். பொங்கல் விழாவில் பொன்னாடையும் அவருக்குத்தான்.

தலைவரின் மனைவி சொன்னாள்: "பொம்பளைங்க வயித்தெரிச்சலை என்னமா எழுதறீங்க சார்! எங்க வீட்டு ஐயாவுக்கு நான் எதிர்ல உக்காந்து அழுதாகூடத் தெரியாது."

"எல்லாம் அப்சர்வேஷன்தான்" என்றார் இவர். கூச்சமே இல்லை.

மகள் தலையைத் தூக்கி ஆங்கிலத்தில் சொன்னாள். பள்ளியில் ஒரு கதை படித்தார்களாம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் மலைநாட்டு ஜனங்களைப் பற்றி ஆண் பெயரில் எழுதினாளாம். பத்திரிகைக்காரர் ஆண் என்றே நம்பினாராம். ஒருநாள் அவளே நேரில் போய் நின்றாளாம். "ஜஸ்ட் லைக் யூ, அம்மா."

"சும்மா விளையாடறா சார்" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பெண் வைத்துக்கொண்டது உலகத்திலேயே இல்லாத ஒருத்தன் பெயரை. அவன் மேடையேறிப் பொன்னாடை வாங்க மாட்டான்.

கரண்டியைப் போட்டுவிட்டு வந்தேன். "அத்தான், எழுதுனது யாருன்னு சொல்லுங்க."

"அப்புறம் பேசலாம்."

"இப்பச் சொல்லுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். "வேணும்னா ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம் சிஸ்டர்."

"ரெண்டு பேரா எழுதுனோம்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு மாத்தினா எனக்கு அசிங்கம்டி."

"அப்ப புஸ்தகம் வேண்டாம்."

மேசையில் கிடந்த சங்க மலர் பிரதிகளை வாரி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காபி கொடுக்கவில்லை.

புத்தகம் வரவில்லை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் என் பெயரில்தான் வந்தது. பழையவற்றை யாரும் மாற்றவில்லை. அவர் பெயரிலேயே கிடக்கின்றன.

ஒன்பது கதைகள்.