தொட்டில் கொக்கியில் ஒரு விளக்கு

உள் அறையிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். கூடத்து மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

“என்னாக்கா சத்தம்?” அச்சு முறுக்கு டப்பாவை நீட்டிய ஜாஸ்லின் கேட்டாள்.

“எலியா இருக்கும்” என்றாள் ஆரோக்கியம்.

“ஃபேனை நிறுத்துற எலியா?”

ஆரோக்கியத்தின் முகம் வெளிறியது. யார் கண்ணில் படக்கூடாதென்று அந்த அறையைப் பூட்டி வைத்தாளோ, அவளே எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கொழுந்தன் மனைவி. மூலக்குளத்தில் அடுத்த தெருவில்தான் வீடு.

போன கிறிஸ்துமஸை நினைத்தால் ஆரோக்கியத்துக்கு இன்றும் வயிறு எரியும். குடிலில் குழந்தை இயேசுவைச் சுற்றிப் பச்சைப் புல் வைக்க எல்லா வீட்டிலும் தட்டில் கேழ்வரகு விதைப்பார்கள். அடைமழையில் வெயில் ஏது? ஊரார் வீட்டுப் பயிரெல்லாம் வெளுத்துச் சாய, ஜாஸ்லின் வீட்டில் மட்டும் கம்பளம் விரித்தாற்போல் பச்சை! செடி வளர்க்கும் விளக்கு வாங்கி மாட்டினாளாம். பங்குக் கோயிலின் குடில் போட்டியில் முதல் பரிசு. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கட்டிய புருஷன் லூர்துநாதன் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னானே, “கைராசின்னா ஜாஸ்லின் கைராசிதான்!” என்று. அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. இன்னும் எடுபடவில்லை.

இந்த வருஷம் ஆரோக்கியமும் அந்த விளக்கை வாங்கினாள். ஜாஸ்லினுடையதைவிடப் பெரியது. ஒன்றல்ல, மூன்று.

“சாவியைக் குடுக்கா. கருகுற வாசனை வருது.”

கதவு திறந்ததும் ஜாஸ்லின் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “உள்ள கால் வைக்காத! தரையெல்லாம் தண்ணி.” ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தாள்.

எல்லாம் அம்பலம். பிளாஸ்டிக் கயிற்றில் கட்டிய விளக்குகள். சூட்டில் ஒரு கயிறு இளகி, விளக்கு சாய்ந்து தட்டைக் கவிழ்த்திருந்தது. தண்ணீர் நேராகத் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள். மூன்று விளக்குக்கும் அது ஒன்றுதான். பயிர்? தலைக்கு மேல் ஒரு சாணில் நெருப்பாய் நின்றால் அது என்ன செய்யும்? நுனியெல்லாம் வைக்கோல்.

சிரிக்கப் போகிறாள் என்று ஆரோக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜாஸ்லின் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

“எனக்கும் மொதல்ல கருகிப் போச்சுக்கா. கிட்ட வெச்சா சீக்கிரம் வளரும்னு நெனச்சேன்.”

“யார்கிட்டயும் சொல்லலியே நீ!”

“பரிசு வாங்கினவ சொல்லுவாளா?”

தரையைத் துடைத்துக் காயவிட்டார்கள். நனைந்த பாக்ஸ் குப்பைக்குப் போனது. பரணிலிருந்து பழைய தொட்டில் சங்கிலியை இறக்கினாள் ஆரோக்கியம். ஜாஸ்லின் அதைக் கூரைக் கொக்கியில் மாட்டி, ஒரே ஒரு விளக்கை ஒரு முழத்துக்கும் மேலே உயர்த்தித் தொங்கவிட்டாள். சுவர் பிளக்கில் செருகி, வயரைக் கீழே வளைத்துவிட்டு, மெயினை ஏற்றினாள். “தண்ணி வழிஞ்சாலும் இந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்கு ஏறாது. ஈரக்கையோட தொடாத. நேரா பாக்காத, கண்ணு கெட்டுடும். ராத்திரியில அணைச்சுடு.”

சங்கிலியை விட மனமில்லாமல் அவள் கை அங்கேயே நின்றது. “உம் புள்ள ஜெஸ்வின் இதுலதான ஆடினான்? எங்க வீட்டுக் கொக்கியில மாட்ட எனக்கு விளக்குதான்க்கா இருந்துச்சு.”

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் ஜாஸ்லினுக்குப் பிள்ளையில்லை. ஆரோக்கியம் குனிந்து கருகிய பயிரைத் தட்டிலிருந்து வழித்தெடுத்தாள்.

“எங்கிட்ட ஒரு தட்டு பயிர் கூடுதலா இருக்கு, தரட்டுமா?” என்றாள் ஜாஸ்லின்.

“வேணாம். திரும்ப விதைக்கிறேன். எம் புல்லு எம் புல்லா இருக்கட்டும்.”

“இருக்கட்டும். போட்டியில பாத்துக்கலாம்” என்று செருப்பை மாட்டியவள், படியில் திரும்பினாள். “நான் மாட்டினேன்னு லூர்து மாமாகிட்ட சொல்லாதக்கா. உன் கைராசின்னே இருக்கட்டும்.”

அடிப்பாவி! இந்தப் பெருந்தன்மையையும் இவளே எடுத்துக்கொண்டாளே! கூப்பிட்டு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்று சொல்ல வார்த்தை ஆரோக்கியத்தின் நாக்கு நுனிவரை வந்தது. ஜாஸ்லின் குடையை விரித்துத் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.