கூட்டமணி அடித்தவன்

எங்கள் பள்ளிக்கூடத்து மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை விடாமல் அடித்தால் கூட்டமணி. கூட்டமணி கேட்டால் பள்ளி விட்டது என்று அர்த்தம். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. தலைமையாசிரியர் குடையை எடுத்துவிடுவார். சுற்று வயல்களில் நடவு நடுகிற பெண்களும் கரையேறிவிடுவார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காலை பத்தரை மணிக்கே நான் அதை அடித்தேன். பள்ளியும் காலி, வயலும் காலி. ஓடும்போது சுத்தியலை என் பக்கத்து பெஞ்சுக்காரன் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அந்த மகராசன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவனுக்குப் பிரம்படி விழுந்தது. அவன் அப்பா அத்தோடு படிப்பை நிறுத்தி அவனை ஏர் பிடிக்க விட்டார். நான் வாயே திறக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் படித்து, தேவிகுளம் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா ஆனேன்.

எழுபதுகளின் கடைசியில், பழைய மாணவர் கூட்டம் என்று கார்டு வந்தது. எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு மலையிறங்கினேன். மூன்று பஸ் மாறினேன். வழியெல்லாம் ஒத்திகைதான்.

அவன் மனைவியோடு வந்திருந்தான். “வாங்க, நல்லாருக்கீங்களா?” என்றான். அந்த ‘ங்க’ என்னைக் குத்தியது. மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், சொல்லப் போவதைச் சொன்னேன்.

“டேய், கெடுத்துப்போடாதடா!” மரியாதை பறந்துவிட்டது. “மணியடிச்சது நாந்தான்னு ஊரே நம்பீட்டிருக்குது. எம் பொண்டாட்டி அன்னிக்கு இதே பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசு. நேரத்துலயே ஊட்டுக்கு உட்டுட்டாங்கன்னு அவளுக்கு அத்தன சந்தோசமாமா. அந்தப் பையன்னு தெரிஞ்சுதான் என்னையக் கட்டிக்கவே ஒத்துக்கிட்டா!”

“உன் படிப்பு போச்சேடா?”

“படிப்புப் போச்சு. மணியாச்சும் எங்கிட்ட இருக்கட்டும், உடு.”

இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கிவைக்க விடமாட்டேன் என்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது.

கூட்டத்தில், அன்று மணியடித்தவன் என்று அவனுக்குத்தான் சால்வை. தூரத்திலிருந்து வந்தவன் என்பதால் என்னையே போர்த்தச் சொன்னார்கள். போர்த்தினேன். பின்னாலிருந்து ஒருவன், “அந்த மணிய இன்னொருக்கா அடிச்சுக் காட்டச் சொல்லுங்க!” என்று கத்தினான். சுத்தியலும் வந்துவிட்டது.

அவன் வராந்தாவுக்குப் போய் அடித்தான். டங். கொஞ்சம் யோசித்து, இன்னொரு டங். அவன் தன் வாழ்நாளில் மணியடித்ததே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டம் குழம்பியது. அவன் மனைவியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. நான் விளையாட்டுக்குப் போல அவன் கைமேல் கைவைத்து விடாமல் அடித்தேன்.

தலைமையாசிரியர், ரிடையராகிப் பல வருஷமானவர், எழுந்து குடையை எடுத்தார். அவர் எழுந்தபின் உட்கார்ந்திருக்க எங்களில் யாருக்குத் தைரியம்? ஒருவர் பின் ஒருவராகக் கேட்டைத் தாண்டினார்கள். வெளியே பாலக்காட்டு பஸ் நின்றது. ஏறிவிட்டார்கள். எதிர் வயலில் நடவுக்காரிகளும் கரையேறிக்கொண்டிருந்தார்கள். பந்திக்குப் போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. அவன் மனைவி மட்டும் பெருமை தாங்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சுத்தியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என் காதோரம் குனிந்தான்.

“இப்பிடித்தான் அடிச்சயாடா அன்னிக்கு?”