சமவெளியில் நின்ற ஃபோர்வீல் ஜீப்

முதல் நாள்

ராசிபுரம் ரோட்டில் புதிதாகப் போட்ட ஷெட்டின் சாவியை முதலாளி என்னிடம் கொடுத்தபோது, உள்ளே ஒரே ஒரு வண்டிதான் நின்றது. புது ஃபோர்வீல் டிரைவ் ஜீப். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கும். அதைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஏற்காடு, கொல்லிமலை எஸ்டேட்காரர்கள் இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். கீழே சமவெளியில் சும்மா கொடுத்தாலும் யோசிப்பார்கள்.

“இங்க இதை வித்துக் காட்டு. வேற ஆளைப் போட்டுட்டு உன்னைச் சேலத்துக்கே மாத்திடறேன். தினமும் வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்” என்றார் முதலாளி.

என் வீடு வாழப்பாடியில். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள். ஷெட்டுக்கு நான்தான் விற்பனை, நான்தான் காவல். விட்டுப் போக முடியாது. கார்த்திகைக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு விளக்கேற்றி, ஜீப்பைத் துடைப்பேன். அதற்குப் பிறகு பேச ஆள் இருக்காது. சில நாள் ஜீப்பிடமே பேசியிருக்கிறேன். எட்டிப் பார்க்கிறவர்களும், “நாலு சக்கரமும் டீசல் குடிக்குமாமே!” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இதே மாதிரி வண்டியை ஏற்கெனவே வாங்கியிருந்த சிலர், முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தார்கள். டீசல் மிச்சமாம்.

கவுண்டர் வந்த அன்று

ஐப்பசியில் வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கவுண்டர் வந்தார். ஜீப்பைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார்.

“ஏனுங்க, இதையே எடுத்துக்கறனுங்க. முன்னால போற அந்த ஷாஃப்ட இப்பவே களட்டிப் பொறத்தால போட்டுருங்க. ஊட்டுல பரண்ல கெடக்கட்டும்.”

“அப்ப எதுக்குங்க ஃபோர்வீல்?”

“எங்க பங்காளி ரெண்டு சக்கரம் இழுக்கறத வெச்சிருக்கறானுங்க. நான் நாலு வெக்கோணுமல்ல?”

ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டேன். போல்ட்டுகளைக் கழற்றினால் வண்டி விற்றுப் போய்விடும், நான் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் முருகன் படம் எதிரிலேயே இருந்தது. மனசு ஒப்பவில்லை.

“தோட்டத்துக்கு வழி எப்படீங்க?”

“வாசல் வரைக்கும் செம்மண் ரோடுங்க. மழை பேஞ்சாலும் அரை நாள்ல காஞ்சுருமுங்க.”

“அப்ப இது உங்களுக்கு வேண்டாமுங்க. டூவீல் ஜீப்பே போதும். சேலத்துல நிக்குது, அங்க போய் எடுங்க.”

“விக்க ஒக்காந்துட்டு வேண்டாங்கற ஆள இப்பத்தான் பாக்கறனுங்க!” என்று சிரித்துவிட்டுப் போனார். சொன்னபடியே சேலத்தில் டூவீல் எடுத்தார்.

விஷயம் தெரிந்து முதலாளி நேரில் வந்தார். “வியாபாரத்துக்கு அனுப்புனா உபதேசமா பண்றே? அந்த வண்டி போற வரைக்கும் இங்கயே கெட.”

கார்த்திகை

தீபத்தன்று சாயங்காலம் அகல் வாங்கி வந்து ஷெட் வாசலில் ஏற்றினேன். ஒன்று ஏற்றினால் ஒன்று காற்றில் அணைந்தது. வாழப்பாடியில் பெண்கள் இரண்டு பேரும் கோலத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அணைந்ததை மறுபடி ஏற்றினேன்.

கவுண்டரின் ஜீப் வந்து நின்றது. “ஊட்டுக்குப் போகலீங்களா சாமி?”

“காவலுக்கு ஆளில்லீங்க. வண்டி எப்படி ஓடுது?”

“வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. பங்காளிதான், ‘நாலு சக்கரம் இழுக்கறத வாங்கறேன்னியே, எங்க போச்சு?’ங்கறான். உம்பட மூஞ்சிலன்னு சொல்லிப் போட்டனுங்க.”

இருவரும் சிரித்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு, அணைந்த அகல்களை அவரும் உட்கார்ந்து ஏற்றினார். அவர் வீட்டிலும் விளக்கு வைக்க வேண்டும், கிளம்பிவிட்டார். ஜீப் சத்தம் தேய்ந்த பிறகு ரோடு வெறிச்சென்று கிடந்தது.

வண்டி விற்க வரும் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்குகிறவர் மண்ணைக் கேட்டுவிட்டு வண்டியைச் சொல்லுங்கள். அன்று வாய் மூடி விற்றிருந்தால் கார்த்திகைக்கு வீட்டில் இருந்திருப்பேன், உண்மைதான். ஆனால் அதன் பிறகு எந்த ரோட்டிலாவது அந்த ஜீப் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருப்பேன்.