சுரங்க முறைப்படி ஒரு தெரு

சுரங்கத்தில் ராட்சத லாரிகள் ஓடும் சாலைகளைப் பராமரிக்கும் பிரிவில் மூத்த பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குறிஞ்சிப்பாடி போகும் வழியில் வீடு கட்டிக் குடியேறிய பின்னரும், சாலை என்று பேச்செடுத்தால் எங்கள் நகரில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சென்ற வாரம் வரை அப்படித்தான் இருந்தது.

எங்கள் தெருவில் போட்டிருப்பது கிராவல். ஒரு மழை போதும்... தெரு முழுக்கக் குழி. எதிர்வீட்டு டெய்சி டீச்சர் கவலையோடு வந்தார்.

"சார், ஞாயித்துக்கெழம நெல்லிக்குப்பத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. போன தடவ வந்தவங்க வேன் குழியில மாட்டிக்கினு, எறங்கித் தள்ளினாங்க. அதோட சரி, பதிலே வரல. இதாவது அமையணுங்க."

"கையில காப்பி டம்ளரோட வந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது, டீச்சர்" என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

சனிக்கிழமை, பின்னால் பிளேடு பூட்டிய டிராக்டரோடு செல்வம் வந்தார். கிராவலைப் பரப்பி, நடுவில் சற்றே உயர்த்தி, இருபுறமும் சரித்து, தண்ணீர் தெளித்து இறுக்கி – வேலை என்றால் அது வேலை. மிஞ்சிய மண்ணை இரு ஓரங்களிலும் முழங்கால் உயரக் கரையாக அணைத்துவிடச் சொன்னேன். சுரங்கத்தில் அந்தக் கரை இல்லாமல் ஒரு லாரியையும் விடமாட்டோம். விளிம்பைத் தாண்டினால் பள்ளத்தாக்கு அல்லவா?

டிராக்டர் போன பிறகு, சுரங்கத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு முருகேசன் மொபெட்டோடு தம் வீட்டு கேட்டுக்குள்ளேயே, கரைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ரோடு பிரமாதம் சார். பள்ளத்தாக்கு எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா நானும் ஜாக்கிரதையா இருப்பேன். வண்டியத்தான் வெளிய எடுக்க முடியல."

ஓய்வு பெறும்போது குவார்ட்டர்ஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பழக்கத்தை யார் கேட்டு வாங்குகிறார்கள்?

செல்வத்துக்குப் போன் செய்தேன். "சேத்தியாத்தோப்புல கரும்பு லோடு ஏத்திக்கினு இருக்கேங்க. திங்கக்கெழமதான் சார்."

ஞாயிறு காலை வேன் வந்தது – ஒரு குலுக்கல் இல்லாமல், மிதந்துகொண்டு. டீச்சர் வீட்டின் முன் நின்றது. கதவைத் திறந்தால் எதிரே மண் கரை. உள்ளே பட்டுப்புடவைகள். கேட்டுக்கு அப்பால், வெளுத்த முகத்தோடு டீச்சர்.

உடனடியாகக் கரை வெட்டப்பட்டு, வழி ஏற்படுத்தப்பட்டது.

மாப்பிள்ளையின் தகப்பனார், சர்க்கரை ஆலைக்காரர், எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ரோடு ஷோக்கா கீதுங்க டீச்சர். எங்களுக்காக வாசலையே புதுசா வெட்றாங்களே... இந்த மரியாத எந்த வூட்ல கெடைக்கும்?" அன்றே சம்மதமும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது நகர் முழுக்க ஒரு பேச்சு: சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் கண்ணெதிரே மண்வெட்டியும் கையுமாக நின்றாராம்.

தவறான தகவல். அன்று நான் அணிந்திருந்தது பேன்ட்.