வெளியே வராத பீரோ

மைசூரில் வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்பார்கள். நான் டேப்பை எடுத்து வாசலை அளப்பேன். ஒரு வீட்டுக்காரர் "எஷ்டு ஜன இர்த்தீரா?" என்று எத்தனை பேர் குடியிருப்போம் என்பதைக் கேட்டார். நான் பீரோவின் அகலத்தைச் சொன்னேன். ஆள் ஒரு மாதிரி என்று நினைத்திருப்பார், கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். நம்ம ஊர் அந்தியூரில் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்கும் உங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே பீரோ ஒருமுறை உள்ளே வந்தால் வந்ததுதான், அதை யார் மறுபடி தூக்கப்போகிறார்கள்? பூங்கொடியை நான் கட்டிக்கொண்டபோது என் மாமனார் ஈரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ அது. "கெட்டித் தகடுங்க மாப்ள. ஒருக்கா வாங்குனா உங்க காலம் பூரா ஒழைக்கும்" என்றார். தறி ஓட்டிச் சேர்த்த காசு. அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஒரு தீபாவளிதான் இருந்தார். அப்பா என்று தொட்டுப் பார்க்க என் மனைவிக்கு மிச்சம் அந்தப் பீரோ மட்டும்தான்.

கிரில் வெல்டிங் வேலைக்காக நான் இங்கே வந்தபோது, பாத்திரத்தில் பாதியை ஊரிலேயே போட்டுவிட்டுப் பீரோவை ஏற்றிக்கொண்டு வந்தாள். மாடி வீட்டில் குபேர மூலை பார்த்து நிறுத்தி, குங்குமம் வைத்து, இனி இதை அசைக்கக் கூடாது என்றாள். நானும் சரி என்றேன். பதினோரு மாத அக்ரிமென்ட்டில் குடியிருக்கிறவர்கள் பேசுகிற பேச்சா இது!

கீழ்வீட்டு ஓனர் அம்மா கன்னடக்காரர், தங்கமான மனுஷி. பெங்களூரில் இருந்த மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், ஆஷாடத்துக்கு முன்னால் காலி செய்து கொடுங்கள் என்று முன்கூட்டியே சொன்னார். ஆஷாடம் என்றால் நம்ம ஆடிதானே என்று, ஊர் மளிகைக்கடை கொடுத்த காலண்டரைப் பார்த்து நாங்கள் நாள் கணக்குப் போட்டோம். அவர்களுக்கு அமாவாசைக் கணக்கு, ஆடிக்கு முன்பே மாதம் பிறந்துவிடும். ஆஷாட வெள்ளிக்கு ஊரே சாமுண்டி மலைக்குப் போவதை வருஷா வருஷம் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. நாளை விடிந்தால் பால் காய்ச்ச நேரம் குறித்தாகிவிட்டது என்று அந்த அம்மா வந்து நின்றபோது எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நல்லவேளை, அளந்து பிடித்த வீடு ஒன்று கைவசம் இருந்தது. என் கூட வேலை செய்கிற நாலு பேர் வந்தார்கள். கட்டில், கிரைண்டர் எல்லாம் இறங்கின. பீரோ மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டது. நாங்கள் குடிவந்தபோது அந்த இடம் திறந்து கிடந்தது. திருட்டுப் பயம் என்று ஓனர் அம்மா சொன்னதால் பிறகு அங்கே கனமான கிரில் அடித்து, சுவருக்குள் விட்டு சிமென்ட் பூசியது வேறு யாருமில்லை, நான்தான். பால்கனியையும் நானே அடைத்திருந்தேன். ஊரில் இருக்கிற வாசலையெல்லாம் அளந்தவன் என் வீட்டு வழியை அளக்கவில்லை. நிறுத்திப் பார்த்தோம், படுக்கவைத்துப் பார்த்தோம், அது திரும்பவே இல்லை.

கிரில்லை அறுத்துவிட்டு ராத்திரிக்குள் பழையபடி வைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். நல்ல காரியத்துக்கு முதல் நாள் வீட்டுச் சுவரில் பதித்த எதையும் அறுத்து உடைக்கக் கூடாது என்றார் அந்த அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "பிட்டு ஹோகி, பரவாகில்லா. ஹொஸது தகொள்ளி" என்றார். விட்டுவிட்டுப் போங்கள், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதைக் கேட்டு பூங்கொடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பனை அடுத்தவன் வீட்டில் விட்டுவிட்டு வா என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது?

அவளே எழுந்தாள். பீரோவுக்குள் இருந்த சேலைகளை எடுத்து மூட்டை கட்டினாள். "ஏனுங்க, வெளிய வர வழியில்லைன்னா பீரோவையே அறுத்துருங்க. பாதியா போனாலும் நம்மகூடத்தான் வரோணும்" என்றாள்.

பீரோவை மறுபடி அறைக்குள் தூக்கி வந்து நிறுத்தினோம். கட்டிங் மெஷினை வைத்து, இடுப்பு உயரத்தில் கதவோடு சேர்த்துச் சுற்றிலும் அறுத்தேன். மாமனார் சொன்னது பொய்யில்லை, தகடு லேசில் அறுபடவில்லை. பெயின்ட் கருகிய வாடை வீடெல்லாம் நிறைந்தது. பூங்கொடி கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் அழுத சத்தம் மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, அதற்காக நான் சாமிக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் புது வீட்டில் அடிப்பாதியை நிறுத்தி, மேல்பாதியை அதன் தலையில் ஏற்றி, மட்டம் பார்த்துவிட்டு வெல்டிங் மெஷினை இழுத்து வந்தேன். பூங்கொடி ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒட்ட வேண்டாமுங்க. இந்த வீட்டுல மட்டும் எத்தன நாளைக்கு உடப்போறாங்க? மறுக்கா அறுக்கறதப் பாக்க என்னால முடியாது."

பீரோ அப்படியே நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டாமல். சேலை எடுக்கும்போதெல்லாம் அவள் ஒரு கையால் கதவைத் திறக்கிறாள், மறு கையால் மேல்பாதி சரியாமல் பிடித்துக்கொள்கிறாள்.