இருபத்தோரு நாள் மாற்றாத தண்ணீர்

போன ஞாயிறு காலை ஒரு கிளாஸ் பப்பாளி இலைச் சாற்றை சிங்க்கில் கொட்டினேன். என் வீட்டு சிங்க்கில் இல்லை, பக்கத்து வீட்டு சிங்க்கில். அந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கொட்டினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் நீங்களும்தான். 'அவரவர் நம்பிக்கை அவரவருக்கு' என்று எத்தனை வாரம் எழுதியிருப்பேன்? 'அம்மா, நீங்கள் மழையையும் வெயிலையும் ஒரே மூச்சில் பாராட்டுகிறீர்கள்' என்று ஒரு வாசகர் கேலியாகக் கடிதம் போட்டிருந்தார். அதைக்கூட நான் நல்ல சர்ட்டிபிகேட் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை. கோபமாக இருக்கிறேன். யார் யார் மேல் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மலாக்கா போகும் வழியில் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி, வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானில் குடியிருக்கிறேன். பாதிக்கு மேல் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். தோட்டம் கைமாறியபோது அம்மனையும் கூடவே அழைத்துவந்து தாமான் முனையில் கோயில் எழுப்பினோம்.

ஆடி மாதத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் ஒரு நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதில் ஒரு செம்பு மொண்டுபோய் வாசலில் வைப்பார்கள். காய்ச்சல் படியேறாது என்று நம்பிக்கை. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் வாசலிலும் வருடாவருடம் செம்பு இருக்கும், வாயில் வேப்பிலை செருகியிருக்கும். தோட்டத்தில் இருந்தவரை தினமும் விடிந்ததும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவோம். யாரும் அதற்குக் காரணம் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை.

போன தேர்தலோடு எங்கள் கோயில் நிர்வாகம் இரண்டாக உடைந்தது. ஒரே அம்மன், இரண்டு கட்சிக் கொடி, இரண்டு வாட்ஸ்அப் குழு. இந்தக் குழுவில் இருப்பவர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. விதிவிலக்கு நான் ஒருத்திதான். இரண்டிலும் இருந்தேன். எழுதுகிறவள், பொதுவானவள் என்று இரு தரப்பும் விட்டுவைத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை... கொஞ்சம் என்ன, நிறையவே பெருமை.

இந்த வருடம் ஆடி பிறந்ததும், எந்தச் சாமியார் பேசியது என்றே தெரியாத ஒரு வாய்ஸ் நோட் வந்தது. கோயில் செயலாளர் குணசேகரன் அதைத் தன் குழுவில் போட்டு, கீழே உத்தரவும் போட்டார். செம்புத் தண்ணீரை இருபத்தோரு நாளைக்கு மாற்றக்கூடாது. மாற்றினால் சக்தி போய்விடும். மூடி வைத்தால் அம்மன் உள்ளே வரமாட்டாள். அடுத்த குழுவுக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்தது. அரசியலில் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

இந்த ஊர் வெயிலில், இந்த ஊர் மழையில், வாசலுக்கு வாசல் திறந்து கிடக்கும் சுத்தமான தண்ணீர். ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? காய்ச்சல் வராமலிருக்க வைத்த செம்பில் காய்ச்சலையே வளர்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் சொன்னவர் காஜா பாய்தான். சிம்பாங் அம்பாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய வாப்பா தோட்டத்துக்கே சைக்கிளில் வந்து கற்பூரமும் ஊதுவத்தியும் கொடுத்தவர். எங்கள் அம்மனுக்கு இன்றைக்கும் கற்பூரம் பாய் கடையிலிருந்துதான் வருகிறது. அன்றைக்குப் பெட்டியை இறக்கிவைத்தவர் நீலப் பீப்பாயை எட்டிப் பார்த்தார். தண்ணீரில் புழு நெளிந்தது.

"தண்ணிய மட்டும் தினம் மாத்திடுங்க லா, குணா. எங்க சூராவுல, தொழறதுக்கு முன்ன ஒளு எடுக்கற தொட்டியிலயும் இப்படித்தான் புழு கெடந்துச்சு. கழுவி விட்டோம்" என்றார்.

குணசேகரன் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கற்பூரம் கொண்டாந்தா குடுத்துட்டுப் போங்க பாய். எங்க அம்மனுக்கு என்ன தண்ணின்னு நீங்க சொல்ல வேணாம்."

பாய் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேதான் நின்றேன், கையில் பூத்தட்டோடு. என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஏதோ மெசேஜ் வந்ததுபோல் போனைப் பார்த்தேன். மெசேஜ் எதுவும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து சுகாதார இலாகாவினர் வந்தார்கள். பீப்பாயைக் கவிழ்த்தார்கள். வீடு வீடாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். புகார் கொடுத்தது அடுத்த கொடிக்காரர்கள் என்று பேச்சு கிளம்பியது. அது போதாதா? 'யாரும் கேட்டைத் திறக்காதீர்கள், இது நம் கோயிலை அவமானப்படுத்த அவர்கள் போட்ட திட்டம்' என்று குணசேகரன் வாய்ஸ் நோட் போட்டார். எங்கள் வரிசையில் கேட்டுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வந்தவர்கள் நோட்டீஸை ஒட்டிவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அடுத்த குழு சும்மா இருந்ததா? பீப்பாய்ப் புழுவைப் படம் எடுத்துப் போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அடுக்கினார்கள். அவரவர் வாசல் செம்பை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

இந்தக் களேபரத்தில்தான் என் பெயர் வந்தது. 'எழுத்தாளர் அம்மா என்ன சொல்கிறார்?' என்று இரு குழுவிலும் கேட்டார்கள். யோசித்து யோசித்து எழுதினேன். 'நம்பிக்கையும் முக்கியம், சுகாதாரமும் முக்கியம். அவரவர் மனசாட்சிப்படி முடிவெடுப்போம். ஒருவரையொருவர் மதிப்போம்.' கடைசியில் கூப்பிய கைகள். அதையே காப்பி எடுத்து அந்தக் குழுவிலும் போட்டேன். இரண்டிலும் கட்டைவிரல்கள் குவிந்தன. திருப்தியாகத் தேத்தண்ணி கலக்கிக் குடித்தேன். அதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு வசந்தாவுக்கு அதற்கடுத்த புதன்கிழமை காய்ச்சல் கண்டது. மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். கணவன் முருகன் லோரி ஓட்டுகிறான். கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, தினமும் வந்து ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். முருகன் அழைத்துப் போகவில்லை. ஏன்? 'எந்தக் காய்ச்சல் என்றாலும் டெங்கி என்று எழுதிவிடுவார்கள், நம் தாமான் பெயரைக் கெடுக்கத்தான். பப்பாளி இலையை இடித்துக் கொடுங்கள், போதும்.' இதுவும் செயலாளரின் வாய்ஸ் நோட்தான்.

ஞாயிறு காலை கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். "காய்ச்சல் விட்டிருச்சுக்கா. சாறு வேலை செஞ்சிருச்சு" என்று முருகன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

வசந்தா ஹாலில் பாயில் சுருண்டு கிடந்தாள். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறது என்றாள். விடிந்ததிலிருந்து மூன்று முறை வாந்தி. வாயைத் திறந்தபோது ஈறெல்லாம் ரத்தம். என் தம்பிக்கு டெங்கி வந்தபோது ஒரு நர்ஸ் திட்டியது இன்றும் காதில் இருக்கிறது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று அவர் சொல்லியிருந்தார். முருகன் அடுத்த கிளாஸ் சாற்றை நீட்டிக்கொண்டிருந்தான். வாங்கினேன். சமையலறைக்குப் போய்க் கொட்டினேன்.

"என்னக்கா பண்றீங்க? அவரவர் மனசாட்சின்னு நீங்கதான குரூப்புல போட்டீங்க?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"நான் போட்டது தப்பு முருகா. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

அவர்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம், கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். கைக்கு வந்த அடுத்த நம்பர் காஜா பாய் நம்பர். கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கற்பூரப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வேனில் வசந்தாவைப் படுக்கவைத்தோம். போகிற வழியெல்லாம் கோயில் வாசனை. பாய் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முதுகைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது மலாய் டாக்டர். காய்ச்சல் எப்போது இறங்கியது என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதிலைக் கேட்டதும் நடையை ஓட்டமாக்கினார். இரண்டு நாள் வசந்தா தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அடுத்த குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'செயலாளர் ஆட்களுக்குத்தான் வந்திருக்கு. அனுபவிக்கட்டும்.' அதற்கும் கட்டைவிரல்கள். வசந்தாவின் திருமணத்தில் பந்தி பரிமாறியவரின் கட்டைவிரலும் அதில் இருந்தது. ஒரு மனுஷி சாகக் கிடக்கும்போதும் அவள் எந்தக் கொடி என்றுதான் பார்ப்பீர்களா?

குணசேகரனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பப்பாளி இலை இடிக்கவில்லை. தனியார் மருத்துவமனையில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தார். கோயிலில் அன்னதானம் போட்டு, டாக்டருக்குப் பொன்னாடையும் போர்த்தினார். தன் நெஞ்சுக்கு விஞ்ஞானம் வேண்டும், அடுத்தவன் வீட்டுச் செம்புக்கு மட்டும் சாமியார் போதும். இதைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

சகிப்புத்தன்மை எனக்குப் பிடித்த சொல். எத்தனையோ வருடமாக இந்தப் பக்கத்தில் அதை வைத்துத்தான் பிழைப்பு ஓட்டுகிறேன். பாய் எங்கள் கோயிலுக்குக் கற்பூரம் கொண்டுவருகிறார் பாருங்கள், அது சகிப்புத்தன்மை. சகிப்பு என்றுகூடச் சொல்லக்கூடாது, அது பழக்கம், உறவு. அடுத்த வீட்டுக்காரன் வேறு கொடி கட்டினாலும் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவருவது சகிப்புத்தன்மை. தண்ணீரில் கண்ணெதிரே நெளிகிற புழுவை 'அது உங்கள் கருத்து' என்று சொல்வதற்கு என்ன பெயர்? எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைக்கு நானாகவே அழகான பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வசந்தாவை வார்டுக்கு மாற்றினார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். கையில் டிரிப்ஸ், முகமெல்லாம் வீங்கியிருந்தது. மெதுவாகத்தான் பேசினாள். யார் மேலும் அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, நீங்க உங்க வீட்டுச் செம்புத் தண்ணிய அன்னைக்கே ஊத்திட்டீங்கதானே? துணி காயப்போடறப்ப பாத்தேன். வேப்பிலைய மறுபடி சொருகி வச்சீங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்புறம் குரூப்பையே பாத்துட்டு இருந்தேன்கா. நீங்க சொன்னா நானும் ஊத்திடலாம்னு."

பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரியம் இதுதான். அந்தச் சமாதான மெசேஜை எழுதுவதற்கு முன்பே என் செம்பைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். காலிச் செம்பில் வேப்பிலையைச் செருகி, யாருக்கும் சந்தேகம் வராதபடி வாசலில் வைத்தேன். குணசேகரனாவது வாய்ஸ் நோட்டை நம்பிக் கெட்டார் என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். கோபப்பட வேண்டியவர்கள் வரிசையில் நான் கடைசி ஆள் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன், எழுதி முடிக்கும்போது முதல் ஆளாக நிற்கிறேன்.

ஆஸ்பத்திரி கார் பார்க்கிலேயே நின்று இரண்டு குழுவிலும் ஒரே வரி போட்டேன். 'செம்பில் புழு இருக்கிறது, இன்றைக்கே தண்ணீரைக் கொட்டுங்கள், நான் என் செம்பை முன்பே கொட்டிவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தேன்.' இந்த முறை கூப்பிய கைகள் போடவில்லை.

நான் வீடு வந்து சேர்வதற்குள் குணசேகரன் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். அடுத்த குழுவில் 'அம்மா நம்ம பக்கம் வந்துட்டாங்க' என்று பூங்கொத்துப் படமும் பட்டாசுப் படமும் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நானே வெளியே வந்தேன்.

அன்று மாலை எங்கள் வரிசையில் நடந்து பார்த்தேன். சில வாசல்களில் செம்பைக் காணவில்லை. சில வாசல்களில் அப்படியே இருந்தது. முருகன் கேட்டருகே நின்று தன் வீட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் ஊற்றினான்.

என் செம்பு இப்போதும் வாசலில்தான் இருக்கிறது - கவிழ்ந்தபடி, வேப்பிலை இல்லாமல், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி.