நாலு சிலிண்டரும் என் தம்பியும்

என் காருக்கு என்ன வயது என்று கேட்கிறவர்களிடம், ஒழுங்காக ஓடுகிற வயது என்று சொல்வேன். ஆயிரத்து முந்நூறு சிசி பெட்ரோல் இஞ்சின். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. காலையில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஏ.சி. போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு மேடு ஏறச் சொன்னால் முனகும். ஆயிலை நேரத்துக்கு மாற்றி, டைமிங் பெல்ட்டை அறுந்துபோவதற்கு முன்னால் மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் அதற்கு மேல் அது எதுவும் கேட்காது.

அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. ஈரம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கு வைத்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது, அதன் மூடிக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் போய்விட்டால் தீப்பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாது. சாரல் அடிக்கிற தென்காசியில் இது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் நான் ரிட்டயர்டு ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். சீசன் வந்தால் ஊரில் பாதி லைன் செத்துப்போகும். எந்த இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று தேடித் தேடியே என் சர்வீஸ் முடிந்தது. ஈரத்துக்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை.

நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். ராயகிரிப் பக்கம் எங்கள் அப்பா விட்டுப்போன வயல் இருக்கிறது, அதை நான்தான் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கார் என்றால் வயல், மார்க்கெட், சிநேகிதிகள் வீடு, சீசனில் விடியற்காலை அருவிக் குளியல். அது இல்லையென்றால் யாராவது எப்போதாவது மனசு வைத்துக் கூட்டிப்போகிற கிழவி ஆகிவிடுவேன். எனக்கு அது வேண்டாம்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் குடும்பத்தில் என் இஞ்சினைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. என் நெஞ்சைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பழைய இஞ்சின், நம்ப முடியாது, எந்த நேரம் நிற்கும் என்று தெரியாது என்றார்கள். நானும் இஞ்சினைப் பற்றியே பதில் சொன்னேன்.

அதிகமாகப் பேசியவன் என் தம்பி. போலீசில் இருந்து ரிட்டயர்டு ஆனவன், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான்.

"யக்கா, ராயகிரி ரோட்டுல அது நின்னுட்டுன்னா யாரக் கூப்புடுவே?"

"ஒன்னயத்தான் கூப்புடுவேன். ஒன் புதுக் கார இழுத்துட்டுப் போனாங்கல்லா, அது திரும்பி வந்துட்டா?"

அவன் புதுக் காரில் ஏதோ ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. லேப்டாப் வைத்துப் பார்க்க வேண்டும் என்று திருநெல்வேலிக்கு இழுத்துப் போயிருந்தார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தம்பி ஒரு பந்தயம் வைத்தான். வண்டி பெயிலானால் விற்றுவிட்டு நான் ஓட்டுவதையே நிறுத்திவிட வேண்டும். பாஸானால் அவன் அதைப் பற்றி இனிமேல் பேசக்கூடாது. சரி என்றேன். குடும்பத்தில் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை, மாற முடியாது.

முந்தின நாள் சாயங்காலம் அவனே வந்து, எனக்கு ஒத்தாசை என்று சொல்லி வண்டியை எடுத்துப்போனான். திரும்பி வந்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. வாட்டர் சர்வீசில் விட்டு, பானெட்டைத் திறந்து இஞ்சினுக்குள்ளேயும் பிரஷர் பைப்பால் அடிக்கச் சொல்லியிருக்கிறான். அதை அவன் எனக்குச் சொல்லவில்லை.

காலையில் நல்ல சாரல். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். ஒன்றுமில்லை. அந்நேரத்துக்குத் தம்பியும் வந்துவிட்டான்.

"நான் சொன்னேன்லா" என்றான்.

பானெட்டைத் திறந்தால் ஷாம்பு வாசனை. எனக்கு வந்த கோபத்தில் அவனை அந்த பைப்பாலேயே அடித்திருப்பேன்.

"ஏம்லே, இஞ்சினுக்குள்ள தண்ணி அடிச்சியா?"

"அழுக்கு வண்டியோட போயி நின்னா எனக்குல்லா கேவலம்? அங்கன எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவன்."

வண்டி தோற்க வேண்டும் என்று நினைக்கிறவன் எதற்காக அதைக் குளிப்பாட்டினான் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். நேற்று இஞ்சின் சூட்டில் வீடு வரை ஓடி வந்துவிட்டது; ராத்திரி ஆறியதும் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. துணியால் ஒற்றி எடுத்தேன், போதவில்லை. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் எங்கே? அடுப்பில் தோசைக்கல் இன்னும் சூடு ஆறாமல் கிடந்தது. நாலாக மடித்த துணியை அதன் மேல் போட்டு மூடியைக் கவிழ்த்து வைத்தேன்.

"இதயும் சுட்டுத் திங்கப் போறியா?" என்றான் தம்பி.

 மூடி நன்றாகக் காய்ந்ததும் திரும்பப் பொருத்தி, வயர்களை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று சிலிண்டர்கள் எரிகிற வரிசையில் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. அவன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார், விளக்கு, ஹாரன், வைப்பர் பார்த்தார், புகைச் சான்றிதழை வாங்கிப் படித்தார். பிறகு தம்பியிடம் திரும்பி, "சார், எடுங்க, பிரேக் பாப்போம்" என்றார். தம்பி கதவுப் பக்கம் நகரவும் செய்தான். "ஓட்டுதது நான்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஓட்டிக் காட்டினேன், அவர் கை காட்டிய இடத்தில் நிறுத்தினேன். அவர் பானெட்டைத் திறந்து இஞ்சின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "இதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. இந்த வண்டி மேட்டில் இருக்கிற ஐந்தருவிக்கு ஏறாது என்று தம்பி ஊரெல்லாம் சொல்லியிருந்தான், அதனால் வண்டியைக் குற்றாலம் ரோட்டில் விட்டேன். சீசன் கூட்டம். முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் ஊர்ந்தது, நானும் பின்னாலேயே ஊர்ந்தேன்.

"யக்கா, இனிமே ஒத்தையில ராயகிரிக்குப் போவாத" என்றான் தம்பி.

"பேச்சு மாறுதியாலே? பாஸாயிட்டுல்லா?"

"இஞ்சினு நிக்கும்னு நான் ஒரு நாளும் நெனைக்கல."

வண்டியை ஓரம் கட்டினேன். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தேன், கோபத்தில்தான்.

"பின்ன ஏன் ஒரு வருஷமா அதப் போட்டு ஏசுதே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன் நெஞ்சப் பத்தி ஒன்ட்ட எப்படிப் பேச? அன்னைக்கு ஆஸ்பத்திரியில கதவுக்கு வெளிய நான்லா நின்னேன். உள்ளேர்ந்து ஒருத்தரும் வரல. எனக்குப் பயமா இருக்குக்கா."

அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நின்றிருப்பான் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.  ஆனாலும் கோபம் போகவில்லை. ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகின்றன, அது இவனுக்கும் தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்காமல், எனக்காகப் பயந்து, எனக்காக முடிவு பண்ணி, என்னை வீட்டுக்குள் உட்கார வைக்கப் பார்த்திருக்கிறான். பாசம் என்றாலும் அது என் காலைக் கட்டுகிற கயிறுதான்.

கியரைப் போட்டேன்.

"பயமா இருந்தா இப்ப மாதிரி பக்கத்துல வந்து உக்காந்துக்கோ" என்றேன். "என்னய எறங்கச் சொல்லாத."